லிங்கம் இல்லாத கருவறை, சோற்றின் ஆவிதான் படையல்: மாணிக்கவாசகர் கதையும் நம் மூளை செய்யும் வேலையும்

புதுக்கோட்டை மாவட்டம், ஆவுடையார்கோவில். அறந்தாங்கியில் இருந்து தென்கிழக்கே சுமார் 14 கிலோமீட்டர். இந்த ஊர் சிவன் கோயிலுக்கு முதல்முறை போகிறவர்கள் கருவறை முன்னால் நின்று கொஞ்சம் தேடத்தான் செய்வார்கள். காரணம், உள்ளே லிங்கம் இல்லை. லிங்கம் அமரும் பீடமான ஆவுடை மட்டும்தான் இருக்கிறது. அதன் மேல் ஒரு குவளை சாத்தியிருக்கும். நந்தி இல்லை, கொடிமரம் இல்லை, பலிபீடமும் இல்லை. அம்மன் யோகாம்பாள் சன்னதியிலும் உருவம் கிடையாது, பாதம் மட்டும்தான்.

படையல் அதைவிட வித்தியாசம். புழுங்கல் அரிசிச் சோற்றை வடித்து, சூடு ஆறுவதற்குள் படைகல்லில் கொட்டிப் பரப்புவார்கள். கூடவே கீரையும் பாகற்காயும். சோற்றில் இருந்து எழும் ஆவிதான் சுவாமிக்கு நைவேத்தியம்.

கண்ணுக்கு உருவம் இல்லை, வாய்க்குச் சோறு இல்லை, மூக்குக்கு ஆவி மட்டும். இப்படி ஒரு கோயிலைக் கட்டியவர் என்று மரபு சொல்வது மாணிக்கவாசகரை. திருவாசகம் எழுதிய அதே மாணிக்கவாசகர்தான். அவர் வாழ்க்கைக் கதையை எடுத்துப் படித்தால் ஒரு விஷயம் கவனத்துக்கு வரும். ஒவ்வொரு திருப்பத்திலும் கண், காது, தோல், மூக்கு என்று ஏதோ ஒரு புலன் முன்னால் வந்து நிற்கிறது. நரியைக் குதிரையாகப் பார்த்த கண், ஒருவர் வாங்கிய அடி ஊருக்கே வலித்த முதுகு, பேசாத பெண்ணின் வாய்.

நாம் பார்ப்பது, கேட்பது, முகர்வது எல்லாம் மூளைக்குள் எப்படி ஒரு உலகமாகிறது என்று விஞ்ஞானிகள் சில நூறு வருடங்களாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கண்டதையும் இந்தக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். புராணத்துக்கு அறிவியல் முத்திரை குத்தும் வேலை இல்லை இது. இரண்டும் வேறு வேறு. ஆனால் இரண்டும் தொடும் கேள்வி ஒன்றுதான்.

யார் இந்த வாதவூரர்?

மதுரை பக்கம், மேலூருக்கு அருகே இருக்கிறது திருவாதவூர். அங்கே பிறந்ததால் வாதவூரர். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று உறுதியாகத் தெரியாது. மாணிக்கவாசகர் என்பதும் பின்னால் வந்த பெயர்தான். படிப்பில் கெட்டி. பாண்டிய மன்னன் அவரைக் கூப்பிட்டு அமைச்சர் பதவி கொடுத்து, தென்னவன் பிரமராயன் என்று பட்டமும் கொடுத்தான். புராணம் அந்த மன்னனை அரிமர்த்தன பாண்டியன் என்கிறது.

எந்த நூற்றாண்டு? இதில் அறிஞர்கள் நடுவில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. தேவார மூவருக்கும் முந்தியவர், 3ஆம் நூற்றாண்டு என்று வாதிட்டவர்கள் உண்டு. அவர் எழுதிய திருக்கோவையாரில் வரகுண பாண்டியன் பெயர் வருவதால் 9ஆம் நூற்றாண்டு என்பவர்கள்தான் இன்று அதிகம். சுந்தரர் பாடிய அடியார் வரிசையில் இவர் பெயர் தனியாக இல்லை, அதனால் 63 நாயன்மார்களில் ஒருவராகவும் எண்ணப்படுவதில்லை. ஆனால் சைவ சமய குரவர் நால்வரில் ஒருவர். நமக்குக் கிடைக்கும் கதை எல்லாம் திருவாதவூரடிகள் புராணம், பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் போன்ற பிற்கால நூல்களில் இருந்து வருவதுதான்.

கருவூலப் பணமும் குருந்த மரமும்

பாண்டியர் படைக்குக் குதிரை வெளிநாட்டில் இருந்துதான் வர வேண்டும். நம்ம ஊர் வெயிலும் தீவனமும் அரபுக் குதிரைக்கு ஒத்துவராது, சீக்கிரம் செத்துவிடும், திரும்ப வாங்க வேண்டும். பாண்டிய நாட்டில் குதிரைக்குக் கொட்டப்பட்ட பணத்தைப் பார்த்து 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவே ஆச்சரியப்பட்டு எழுதி வைத்திருக்கிறார். அப்படி ஒரு கொள்முதலுக்குத்தான் மன்னன் வாதவூரரைக் கருவூலப் பணத்தோடு கீழைக் கடற்கரைக்கு அனுப்பினான். இது ராணுவ பட்ஜெட். சாதாரணப் பொறுப்பு இல்லை.

போகும் வழியில் திருப்பெருந்துறை. இன்றைய ஆவுடையார்கோவிலின் பழைய பெயர் அதுதான். அங்கே ஒரு குருந்த மரத்தடியில் குரு ஒருவர் சீடர்களோடு உட்கார்ந்திருந்தார். முதலில் காதில் விழுந்தது ஓதும் சத்தம். சத்தம் வந்த பக்கம் போனார், பார்த்தார், காலில் விழுந்தார். குதிரை மறந்து போனது. கொண்டு வந்த பணம் முழுவதும் கோயில் திருப்பணிக்கும் அடியாருக்கும் போனது.

இன்றைய வார்த்தையில் சொன்னால் அரசுப் பணத்தைத் திசைமாற்றிய அதிகாரி. பக்தி இலக்கியம் இதைப் பெரிய குற்றமாகக் காட்டுவதில்லை, ஆனால் கதையில் வரும் மன்னனுக்கு அது குற்றம்தான். அவன் கோபத்தில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

மன்னன் ஓலை அனுப்பினான். குதிரை எங்கே? ஆவணி மூலத்தன்று வரும் என்று பதில் போனது. இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நரி எப்படிக் குதிரையாகத் தெரிந்தது?

சொன்ன நாளில் குதிரைகள் வந்தன. சிவனே குதிரைச் சேவகனாக ஓட்டி வந்தார் என்கிறது புராணம். காட்டு நரிகள் பரிகளாக மாறியிருந்தன. மன்னன் பார்த்தான், அவன் ஆட்கள் பார்த்தார்கள், லாயத்தில் கட்டினார்கள். குதிரை வாங்குவதென்றால் சும்மா இல்லை. சுழி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள், நடை பார்ப்பார்கள். அத்தனை பேர் பார்த்தும் ஒருவருக்கும் நரி தெரியவில்லை. ராத்திரி ஆனதும் எல்லாம் பழையபடி நரியாகி, லாயத்தில் ஏற்கெனவே இருந்த குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடிப்போயின.

கதையில் அது திருவிளையாடல். நிஜ வாழ்க்கையில் நம் கண் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், எதிர்பார்ப்புக்கு அதில் இருக்கும் பங்கு ஆச்சரியப்படுத்தும்.

கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. ஒளியை உணரும் செல்கள் அதில் சுமார் 10 கோடி. ஆனால் மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள்தான். அதாவது வாசலிலேயே பெரிய வடிகட்டல் நடந்துவிடுகிறது. அந்தச் செய்தி மூளையின் நடுவில் இருக்கும் தாலமஸ் என்ற சந்திப்புக்குப் போய், அங்கிருந்து பின்மண்டையில் இருக்கும் பார்வைப் புறணிக்குப் போகிறது. ஆமாம், பார்ப்பது கண்ணால் என்றாலும் அதற்கான முதல் பெரிய வேலை பின்மண்டையில்தான். அங்கே கோடு, சாய்வு, நிறம், அசைவு என்று பிரித்துப் பார்த்து, மறுபடி சேர்த்து, இது முகம், இது மரம் என்று முடிவாகிறது.

சுவாரசியம் எங்கே என்றால், இது ஒருவழிப் பாதை இல்லை. கண்ணில் இருந்து தாலமஸுக்கு வரும் இணைப்புகளை விட, மேலே புறணியில் இருந்து அதே தாலமஸுக்கு இறங்கி வரும் இணைப்புகள்தான் அதிகம். மூளை கண்ணில் இருந்து தகவல் வாங்குவதோடு நிற்கவில்லை. இப்போது இதுதான் வரப்போகிறது என்று முன்கூட்டியே ஒரு ஊகத்தையும் கீழே அனுப்புகிறது. ஊகமும் தகவலும் பொருந்திப்போனால் வேலை முடிந்தது. தகவல் மங்கலாக இருந்தால் ஊகம் ஜெயித்துவிடும். இருட்டில் கயிறு பாம்பாவது இப்படித்தான். 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், பார்வை என்பது நமக்கே தெரியாமல் நடக்கும் ஒரு ஊகம் என்ற கருத்தை வைத்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு வீடியோவைக் காட்டினார்கள். சிலர் பந்து எறிந்து விளையாடுவார்கள், எத்தனை முறை பந்து கை மாறுகிறது என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் வந்து மார்பில் தட்டிவிட்டுப் போகிறார். பார்த்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அந்தக் கொரில்லா தெரியவே இல்லை. கண் பழுது இல்லை, கவனம் பந்தில் இருந்தது. ஆவணி மூலத்தன்று குதிரைத் தலையை எண்ணிக்கொண்டிருந்த பாண்டியனின் கணக்கர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

சுடுமணல்

ஏமாந்த மன்னன் அமைச்சரை வைகை ஆற்று மணலில் நிறுத்தச் சொன்னான். உச்சி வெயில், கொதிக்கும் மணல்.

தோலுக்குக் கீழே இருக்கும் நரம்பு முனைகளில் சூட்டுக்கென்றே தனி வாசல்கள் உண்டு. அதில் ஒன்று சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திறக்கும். அதுவரை வெறும் சூடு, அதற்கு மேல் எரிச்சல், வலி. வேடிக்கை என்னவென்றால், மிளகாயின் காரமும் இதே வாசலைத்தான் திறக்கிறது. அதனால்தான் மிளகாய் கடித்தால் நாக்கு எரிகிறது என்கிறோம், நாக்கில் நிஜமாகச் சூடு ஏறாவிட்டாலும். இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. தொடுதலை உணரும் வாசல்களைக் கண்டுபிடித்த ஆர்டெம் படாபூடியன் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சுடுமணலில் கால் வைத்தவுடன் சட்டென்று தூக்குகிறோமே, அது மூளை போட்ட உத்தரவு இல்லை. தண்டுவடமே அவசரத்துக்குச் செய்துவிடும். குத்தும் வலியை வேகமான நரம்பு முதலில் கொண்டு போகும். பின்னாலேயே மெதுவான நரம்பில் நொடிக்கு 1 மீட்டர் அளவு வேகத்தில் அந்த நீடித்த எரிச்சல் வந்து சேரும். சுட்டதும் ஒரு கணம் கழித்து வலி பெருகுவது இதனால்தான். தூக்கிய காலை மறுபடி கீழே வைக்கத்தான் வேண்டும் என்று நிற்க வைப்பதே அந்தத் தண்டனையின் கொடுமை.

ஒரு முதுகில் அடி, எல்லா முதுகிலும் வலி

அப்போது வைகை கரை உடைத்தது. வீட்டுக்கு ஒருவர் வந்து கரை அடைக்க வேண்டும் என்று உத்தரவு. பிட்டு விற்று வாழ்ந்த வந்தி என்ற மூதாட்டிக்கு அனுப்ப ஆள் இல்லை. சிவன் கூலியாளாக வந்தார். உதிர்ந்த பிட்டுதான் கூலி. தின்றார், ஆடினார், படுத்துத் தூங்கினார், வேலை மட்டும் நடக்கவில்லை. மன்னன் பிரம்பால் ஓங்கி ஒன்று போட்டான். அந்த அடி மன்னன் முதுகிலும், அரண்மனையில் இருந்தவர்கள் முதுகிலும், உலகத்தில் எல்லா உயிர் மேலும் விழுந்தது. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கியதும் பிட்டுக்கு மண் சுமந்ததும் இன்றும் லீலையாக நடக்கின்றன.

பிறர் வாங்கும் அடி நமக்கு வலிக்குமா? ஓரளவு, ஆமாம். 2004இல் டானியா சிங்கர் குழு லண்டனில் ஒரு ஆய்வு வெளியிட்டது. ஒரு பெண்ணின் கையில் லேசான மின் அதிர்ச்சி கொடுக்கும்போதும், பக்கத்தில் இருக்கும் அவர் துணைவர் கையில் கொடுப்பதாக அவருக்குத் தெரியும்போதும் மூளையை ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். வலி எந்த இடத்தில், எவ்வளவு என்று அளக்கும் பகுதிகள் தன் கைக்கு மட்டும்தான் வேலை செய்தன. ஆனால் வலியின் வேதனையோடு தொடர்புள்ள முன் இன்சுலா, முன் சிங்குலேட் ஆகிய பகுதிகள் இரண்டு தடவையும் விழித்துக்கொண்டன. அதாவது அடுத்தவர் வலியில் தோல் எரியாது, மனது எரியும். சினிமாவில் யாராவது விரலை வெட்டிக்கொண்டால் நாம் முகம் சுளிப்பது சும்மா இல்லை.

பிரம்படிக்குப் பிறகு மன்னனுக்குப் புரிந்தது. அமைச்சரை விட்டுவிட்டான். பதவி மறுபடி வேண்டாம் என்று வாதவூரர் கிளம்பிவிட்டார்.

இல்லாததைப் பார்க்கும் மூளை

மறுபடியும் திருப்பெருந்துறை. திருவாசகத்தின் 51 பதிகங்களில் கணிசமானவை இந்த ஊரில் பாடியவை. இங்கேதான் அந்த லிங்கம் இல்லாத ஆவுடை.

வீட்டில் இருந்தே ஒன்று செய்து பார்க்கலாம். இரண்டு கைகளையும் நேராக நீட்டி, கட்டைவிரல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்துங்கள். இடது கண்ணை மூடுங்கள். வலது கண்ணால் இடது கட்டைவிரலையே பாருங்கள், பார்வை நகரக் கூடாது. இப்போது வலது கையை மட்டும் மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் வலது கட்டைவிரலின் நுனி காணாமல் போகும். இன்னும் நகர்த்தினால் திரும்ப வரும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளி உணரும் செல்லே கிடையாது. அந்தக் குருட்டுப்புள்ளியை 1660களில் கண்டுபிடித்தவர் பிரான்சைச் சேர்ந்த எட்மே மாரியோத்.

விரல் மறைந்த இடத்தில் கருப்பு ஓட்டை தெரிந்ததா? இல்லை. பின்னால் இருக்கும் சுவரோ வானமோ அங்கேயும் தொடர்ந்து தெரிந்திருக்கும். சுற்றி இருப்பதை வைத்து மூளை நிரப்பிவிட்டது. வாழ்நாள் முழுக்க நிரப்பிக்கொண்டே இருக்கிறது, நாம் கவனிப்பதில்லை. 1984இல் குரங்குகளிடம் நடந்த ஆய்வு ஒன்று, வரையாத கோட்டை நம் கண் வரைந்ததுபோலப் பார்க்கும் படங்களைக் காட்டும்போது, பார்வைப் புறணியில் சில செல்கள் அங்கே கோடு இருப்பதுபோலவே இயங்குகின்றன என்று காட்டியது.

தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன் இதே கேள்வியைத் தோலுக்குக் கொண்டுபோனார். கை வெட்டப்பட்டவர்களுக்கு இல்லாத கை வலிக்கும். 1990களில் அவர் ஒரு நோயாளியின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத கையில் தொடுவதாக அவர் உணர்ந்தார். மூளையின் உடல் வரைபடத்தில் முகமும் கையும் அக்கம்பக்கம். கை போனாலும் அதற்கான இடம் மூளையில் காலியாகக் கிடப்பதில்லை.

ஆவுடையை மட்டும் பார்க்கிற பக்தர் மனதில் லிங்கம் தானாக எழுவதும் இதுதானா என்றால், இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. குருட்டுப்புள்ளி நிரம்புவது நம் கையில் இல்லை, தியானம் நம் கையில் இருக்கிறது. ஆனால் பீடத்தை வைத்து, மேலே இருப்பதை விட்டுவிட்டவர்களுக்கு மனித மனம் வெற்றிடத்தைச் சும்மா விடாது என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அதே கோயிலின் கொடுங்கையும் கண்ணோடு விளையாடுகிறது. மரச்சட்டம், கம்பி, ஆணி எல்லாம் வைத்து அடித்த கூரை மாதிரி இருக்கும். அண்ணாந்து பார்த்தால் மரம் என்றுதான் தோன்றும். எல்லாம் கல். பழைய சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது ஆவுடையார்கோவில் கொடுங்கை மாதிரி மட்டும் கேட்கக் கூடாது என்று எழுதி வாங்குவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கண்ணும் கையும் வேறு வேறு சொன்னால் மூளை பெரும்பாலும் கண் பக்கம்தான் சாயும் என்று 1964இல் இர்வின் ராக் நடத்திய சோதனை காட்டியது. சதுரத்தைக் கையால் தொட்டுக்கொண்டே, அதை நீள்சதுரமாகக் காட்டும் கண்ணாடி வழியே பார்த்தவர்களுக்கு, கையிலும் அது நீள்சதுரமாகவே பட்டது.

ஆவி ஏன் மூக்குக்கு நேராகப் போகிறது?

இப்போது படைகல்லுக்கு வருவோம். சூடான சோற்றில் இருந்து நீராவி மட்டுமா வருகிறது? மணம் தரும் மூலக்கூறுகளும் சேர்ந்து கிளம்புகின்றன. சூடு கூடக் கூட அதிகமாகக் கிளம்பும். ஆறிய சோறு மணக்காததற்கு இதுதான் காரணம். மூக்கின் உச்சியில், கண்களுக்கு நடுவே உள்ள இடத்தில், அவற்றைப் பிடிக்கும் ஏற்பிகள் சுமார் 400 வகை. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 1991இல் அந்த ஏற்பிக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள், 2004இல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

பார்வை, கேள்வி, தொடுதல், சுவை என எல்லாமே தாலமஸ் வாசலில் நின்று பதிவு போட்டுத்தான் புறணிக்குப் போகும். மணத்துக்கு மட்டும் அந்த வரிசை இல்லை. மூக்கில் இருந்து முகர்வுக் குமிழுக்கும், அங்கிருந்து முகர்வுப் புறணிக்கும், உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கும் நேராகப் போய்விடும். நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸும் பக்கத்தில்தான். பெயர் நினைவுக்கு வருவதற்கு முன்னால் பாட்டி வீடு நினைவுக்கு வருகிறதே, அது இந்தக் குறுக்கு வழியால்தான்.

பாகற்காய் கதை வேறு. கசப்பை அறிய நம் நாக்கில் சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. தாவர நஞ்சுகள் பல கசக்கும் என்பதால் உடம்பு கசப்பில் இத்தனை உஷாராக இருக்கிறது என்பது பொதுவான விளக்கம். ஆனால் கசப்பு நாக்கில் பட்டால்தான் தெரியும். ஆவியில் பாகற்காயின் மணம் வரும், கசப்பு வராது.

ஐந்து அறிவும் ஆறாவதும்

நம் ஆட்கள் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. தொல்காப்பியம் உயிர்களைத் தொடுதல், சுவை, மணம், பார்வை, கேள்வி என்ற வரிசையில் அறிவு கூட்டி வகைப்படுத்தி, ஆறாவதாக மனத்தை வைக்கிறது. மாணிக்கவாசகர் பாட்டில் ஐம்புலன்கள் வழி மறிக்கும் ஆட்களாக அடிக்கடி வருவார்கள், அவர் அவற்றோடு போராடிக்கொண்டே இருப்பார். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதம் இன்னும் ஒரு படி போய், புலன்கள் தாமாக எதையும் அறிவதில்லை, உயிர் சேர்ந்தால்தான் அறிகின்றன, ஆனால் அந்த உயிரை அவற்றுக்குத் தெரியாது என்கிறது. கண்ணின் செல்லுக்குத் தான் பார்ப்பது குதிரையா நரியா என்று தெரியாது என்று இன்றைய நரம்பியல் சொல்வதும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் போகிறது. பிறகு அறிவது எது என்ற கேள்விக்கு இரண்டு தரப்பும் சொல்லும் பதில்தான் வேறு.

தில்லையில் கடைசி நாள்

உத்தரகோசமங்கை, திருவண்ணாமலை என்று ஊர் ஊராகப் போனார். திருவெம்பாவை அண்ணாமலையில் பாடியது என்பார்கள். கடைசியாகத் தில்லை. இலங்கையில் இருந்து வந்த பௌத்தர்களோடு வாதம் நடந்தது. இலங்கை மன்னனின் பேசாத மகள் அங்கே வாய் திறந்து, அவர் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் பதில் சொன்னாள், அதுதான் திருச்சாழல் என்கிறது புராணம்.

பிறகு ஒரு நாள் வேதியர் ஒருவர் வந்து, பாட்டுகளைச் சொல்லச் சொல்லி ஓலையில் எழுதிக்கொண்டு போனார். மறுநாள் அந்த ஓலை நடராசர் சன்னதிப் படியில் கிடந்தது. தில்லைவாழ் அந்தணர்கள் வந்து, இதற்கு என்ன பொருள் என்று கேட்டார்கள். அவர் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. சன்னதிக்கு அவர்களோடு போய், நடராசரைக் கையால் காட்டினார். அப்படியே உள்ளே கலந்தார். வயது 32 என்கிறது மரபு. நாள், ஆனி மகம்.

ஆவுடையார்கோவிலில் மூலவருக்கு உருவம் இல்லாததால், திருவிழாவில் வீதி உலா வருவது மாணிக்கவாசகர்தான்.